ஒரு கவிதையை ஆராய்ந்து படிக்கும் முறை: முதல் வாசிப்பிலிருந்து விடை எழுதும் வரை

கவிதையைப் படித்து முடித்தவுடன் ‘இதன் மையக்கருத்து என்ன?’ என்று கேட்பதுதான் புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் பிழை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கடைசியில் கேட்க வேண்டும். தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால், கிடைத்த கருத்துக்கு ஏற்றபடி வரிகளை வளைக்கத் தொடங்கிவிடுவோம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் தோட்டப்புற நகரத்தில், சனிக்கிழமை மாலைகளில் தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றில் கூடிக் கவிதை படிக்கிறோம். பள்ளியிறுதியில், ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்த மாணவர்கள், பால்மரம் வெட்டி (ரப்பர் மரத்தில் பால் எடுத்து) ஓய்வு பெற்றவர்கள், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். இவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து அமைத்த வரிசையே கீழே உள்ளது. எல்லாப் படிகளையும் ஒரே பாடலில் செய்து காட்டுகிறேன். குறுந்தொகையில் 25ஆம் பாடல், பாடியவர் கபிலர்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் பிழையில்லாத ஒரு படி வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் படிகளிலும், டியூஷன் வகுப்புகளில் மறுபடி மறுபடி நகலெடுக்கப்பட்ட தாள்களிலும் வரிகள் தவறான இடத்தில் முறிந்திருக்கும். சில நேரம் ஓர் எழுத்தே மாறியிருக்கும். ஆராய்ச்சி முழுவதும் சொல்லையும் வரியையும் நம்பி நடப்பதால், அச்சு நூலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

அடுத்து, பாடலைக் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். வரிகளுக்கு இடையே இரண்டு விரல் அளவு இடம் விட்டு, ஓரத்தில் வரி எண் இட்டு எழுத வேண்டும். கண்ணால் தாண்டிப் போகும் ‘உம்’, ‘ஏ’, ‘ஓ’ போன்ற சிறு உறுப்புகளைக் கை தாண்டிப் போகாது. இந்தப் பாடலின் பாதிப் பொருள் அந்தச் சிறு உறுப்புகளில்தான் இருக்கிறது.

பழைய பாடல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், இக்காலக் கவிதை என்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் பக்கத்தில் இருக்கட்டும். உரைநூல் இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். அதைத் திறக்க வேண்டிய படி பின்னால் வருகிறது.

2. பொருள் தேடாமல் வாய்விட்டுப் படியுங்கள்

பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று மனத்தைத் தயார் செய்துகொண்டு, இரண்டு மூன்று முறை உரக்கப் படிக்க வேண்டும். முதலில் வரிக்கு வரி நிறுத்திப் படியுங்கள். பிறகு வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் நிறுத்திப் படியுங்கள். இரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடலில் முதல் இரண்டு வரிகளிலும் வரி முடியும் இடத்திலேயே பேச்சும் முடிகிறது. மூன்றாம் வரியில் தொடங்கும் வாக்கியமோ ஐந்தாம் வரியில்தான் போய் நிற்கிறது. முன்பகுதி துண்டு துண்டாகவும் பின்பகுதி ஒரே மூச்சாகவும் வருகின்றன. இதற்குக் காரணம் என்ன என்று இப்போது கேட்க வேண்டாம். குறித்து வைத்தால் போதும்.

3. சொற்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

தெரியாத சொற்களை எல்லாரும் அகராதியில் தேடுகிறார்கள். ‘ஆரல்’ என்பது நீண்ட உடல் கொண்ட ஒரு வகை மீன், ‘குருகு’ நாரை போன்ற நீர்ப்பறவை, ‘ஞான்று’ நாள் அல்லது பொழுது, ‘எவன் செய்கோ’ என்பது ‘என்ன செய்வேன்’ என்ற கேள்வி. இவற்றில் யாரும் தவறுவதில்லை.

தெரிந்தது போல் தோன்றும் சொற்களில்தான் தவறு நடக்கிறது. ‘மணந்த’ என்பதை இன்றைய வழக்கின்படி ‘திருமணம் செய்துகொண்ட’ என்று படித்துவிட்டால் பாடலே கவிழ்ந்துவிடும். திருமணம் முடிந்திருந்தால் ஊரே சாட்சியாக இருக்குமே. ‘யாரும் இல்லை’ என்று இவள் ஏன் கலங்க வேண்டும்? இங்கே அச்சொல்லுக்குக் கூடுதல், சேர்தல் என்று பொருள். ஆகவே தெரிந்த சொற்களிலும் முக்கியமான மூன்று நான்கையாவது அகராதியில் பார்த்துவிடுங்கள். கிடைத்த பொருளை வரியில் வைத்துப் பார்த்து, முரண்பட்டால் மறுபடி தேடுங்கள்.

4. பாடலை உரைநடையாக எழுதுங்கள், எதையும் கூட்டாமல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல விரும்பாதவர் இல்லை. ஆயினும், நேர்ப்பொருளை எழுதிவைக்காத ஒருவர் மறைபொருளைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்ப முடியாது. எழுதினால் இப்படி வரும்:

அங்கே வேறு யாரும் இல்லை. கள்வனாகிய அவன் மட்டுமே இருந்தான். அவன் அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்று, தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களை உடையதும், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்ப்பதுமான குருகும் இருந்தது.

மாணவர்களின் உரைநடையில் தவறாமல் ஒரு வாக்கியம் கூடுதலாக இருக்கும்: ‘திருமணம் செய்துகொள்வதாக அவன் வாக்களித்திருந்தான்.’ இது பாடலில் இல்லை. பாடல் ‘அது’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. எது என்று சொல்லவில்லை. நாம் ஊகித்துச் சேர்த்தவற்றை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள். அந்த அடைப்புக்குறிகளைப் பார்த்தாலே கவிஞர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்கு அது மிகவும் பயன்படும்.

5. பேசுபவர் யார், கேட்பவர் யார், எப்போது பேசுகிறார்

கபிலர் பேசுகிறார் என்று எழுதினால் அது பிழை. ‘யான்’ என்று சொல்பவள் ஒரு பெண். எழுதியவர் ஓர் ஆண் புலவர். காதலைப் பாடும் அகப்பாடலில் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிகிறது. இக்காலக் கவிதையில் ‘நான்’ என்று வந்ததும் அதைக் கவிஞரோடு ஒட்டிவிடுகிறோம். அங்கேயும் பேசுபவரைத் தனி ஆளாக வைத்தே தொடங்குவது பாதுகாப்பானது.

கேட்பவர் யார்? ‘தோழி’ என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சொல் பாடலுக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். யார் யாரிடம் எப்போது சொன்னது என்று அச்சு நூலில் பாடலோடு தரப்படும் கூற்றுக் குறிப்பிலிருந்து வந்த செய்தி அது. பாடலுக்குள் உள்ள சான்றையும் வெளியிலிருந்து வந்த சான்றையும் இரண்டு நிற மையில் எழுதப் பழகுங்கள்.

காலத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ‘பொய்ப்பின்’ என்பது ‘பொய்த்தால்’ என்னும் நிபந்தனை. அவன் இன்னும் ஏமாற்றவில்லை. ‘ஏமாற்றப்பட்ட பெண்ணின் புலம்பல்’ என்று எழுதப்படும் விடைகள் இந்த ஒரு சொல்லிலேயே உடைந்துபோகின்றன.

6. செய்திகள் வரும் வரிசையைப் பாருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. ஒரு பாடலின் செய்திகளை வேறு வரிசையிலும் சொல்லியிருக்கலாம். கவிஞர் இந்த வரிசையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒவ்வொரு செய்தியும் எந்த இடத்தில் நமக்குத் தெரிய வருகிறது என்று எண்ணிட்டுப் பாருங்கள்.

‘யாரும் இல்லை’ என்று பாடல் தொடங்குகிறது. எங்கே, எப்போது யாரும் இல்லை என்று தெரியாது. கள்வன் என்கிறாள், எதைத் திருடினான் என்று தெரியாது. அது பொய்த்தால் என்கிறாள். எது என்று தெரியாது. பிறகு பறவையின் கால்கள் வருகின்றன, அந்தப் பறவை செய்யும் செயல் வருகிறது, அதற்கும் பிறகுதான் ‘குருகு’ என்ற பெயரே வருகிறது. இவ்வளவுக்கும் அடிப்படையான நிகழ்ச்சி எது என்பது ‘மணந்த ஞான்றே’ என்ற கடைசி இரண்டு சீர்களில்தான் வெளிப்படுகிறது. பேசத் தயங்கும் ஒருத்தி, சுற்றிச் சுற்றி வந்து, இறுதியில்தான் அந்த நாளின் பெயரைச் சொல்கிறாள். தயக்கம் என்ற சொல் பாடலில் இல்லை; ஆனால் சொற்கள் வரும் வரிசையே தயங்கி நடக்கிறது.

அடுத்து, திரும்பி வரும் சொற்களை வட்டமிடுங்கள். ‘தானே கள்வன்’, ‘தானது பொய்ப்பின்’, ‘தான் மணந்த’ என்று ‘தான்’ மூன்று முறை வருகிறது. ‘யான்’ ஒரே ஒரு முறை வருகிறது. அதுவும் ‘என்ன செய்வேன்’ என்ற கேள்விக்குள். செய்தவன் அவன், சொல்லக்கூடியவன் அவன், மறுக்கக்கூடியவனும் அவன். அவள் கையில் ஒரு கேள்வி மட்டுமே இருக்கிறது.

எதிர்ச்சொற்களையும் தேடுங்கள். முதல் வரியில் ‘இல்லை’, கடைசி வரியில் ‘உண்டு’. ‘யாரும்’ என்பதிலும் ‘உம்’, ‘குருகும்’ என்பதிலும் ‘உம்’. யாருமே இல்லை என்று சொன்னவள், ஒன்று இருந்தது என்று திருத்திக்கொள்கிறாள். ஆனால் அந்த ஒன்று பேசாத பறவை.

7. காட்சியைக் காட்சியாகவே முதலில் பாருங்கள்

உவமை வந்ததும் ‘குருகு எதன் குறியீடு?’ என்று தாவுவது மற்றொரு பரவலான பிழை. முதலில் அது பறவையாகவே நிற்கட்டும்.

தொல்காப்பியம் உவமை தோன்றும் வழிகளை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். இந்தப் பாகுபாடு இன்றும் நல்ல கருவி. ‘சிறு’ என்பதால் வடிவ ஒப்புமையும் ‘பசு’ என்பதால் நிற ஒப்புமையும் தினைத்தாளுக்கும் பறவையின் காலுக்கும் இடையே அமைகின்றன. தினையோ மலைச்சாரலில் விளையும் குறிஞ்சிப் பயிர். நீரில் நிற்கும் பறவையை வருணிக்கும்போதும் அவளுக்குத் தன் நிலத்துப் பயிரே நினைவுக்கு வருகிறது.

எங்கள் வகுப்பில், நாற்பது வருடங்களுக்கு மேல் பால்மரம் வெட்டிய ஓர் அக்கா இந்த இடத்தில் சொன்னது எந்தக் குறிப்பேட்டிலும் கிடைக்காதது. ‘செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் கொக்கு மீனுக்கு நிற்கும்போது, நாம் பக்கத்தில் கைவண்டி தள்ளிக்கொண்டு போனாலும் அதன் தலை திரும்பாது. கழுத்தை நீட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கும்’ என்றார். அதைக் கேட்ட ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, ‘அப்படியென்றால் சார், அது இவர்களைப் பார்க்கவே இல்லை’ என்றாள். பாடலின் நடுப்புள்ளியை அவள் தொட்டுவிட்டாள். இருந்த ஒரே உயிரும் ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘பார்க்கும்’ என்ற சொல்லே சாட்சியைக் கொடுத்துவிட்டு உடனே பறித்தும் விடுகிறது.

கவிதையில் வரும் பறவை, மரம், கருவி, வேலை ஆகியவற்றை நேரில் கண்டவர் பக்கத்தில் இருந்தால் கேளுங்கள். குறியீட்டு அகராதிகளை விட அவர்களின் சொல் நம்பகமானது.

8. ஓசையும் யாப்பும்

பெரும்பாலோர் எதுகை, மோனைகளைப் பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பட்டியல் ஆராய்ச்சி ஆகாது. அந்த ஓசை பொருளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். முதல் வரியின் ஒன்றாம், மூன்றாம் சீர்கள் ‘யா’, ‘தா’ என்று தொடங்குகின்றன. இரண்டாம் வரியில் அதே இடங்கள் ‘தா’, ‘யா’ என்று மாறி வருகின்றன. நீண்ட ஆகார ஓசை நான்கு முறை அழுத்தமாக விழ, பிறர், அவன், அவன், நான் என்று பேச்சு அவளிடம் வந்து சேர்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நான்காம் வரியில் மட்டும் மூன்று சீர்கள் இருப்பதைக் கண்டதும், ‘பறவை அசையாமல் நிற்பதைக் காட்டவே கபிலர் வரியைச் சுருக்கினார்’ என்று எழுதத் தோன்றும். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய வரி, மூன்று சீராக வருவது நேரிசை ஆசிரியப்பா என்னும் பாவகையின் இலக்கணம். இறுதியில் ‘ஏ’ வருவதும் அந்தப் பாவில் மிகப் பொதுவான வழக்கம். வடிவத்தின் விதியைக் கவிஞரின் தனி உத்தியாக எண்ணிவிடக் கூடாது. விதியால் குறுகிய அந்த வரியில் எதை வைத்தார் என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி.

9. விளக்கங்களை எடைபோடுங்கள்

இவ்வளவு தூரம் வந்த பிறகே ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்கலாம். குறைந்தது இரண்டு விளக்கங்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் துணை நிற்கும் சொற்களை வரி எண்ணோடு வையுங்கள்.

ஒன்று: குருகு கவனியாத சாட்சி, அதனால் அவள் தனிமை கூடுகிறது. இதற்கு ‘யாரும் இல்லை’, ‘பார்க்கும்’, ‘குருகும் உண்டு’ மூன்றும் துணை நிற்கின்றன.

இரண்டு: மீனுக்காகக் காத்து நிற்கும் குருகு தலைவனுக்கே நிகர், அவனும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறவன். இதற்கு ‘கள்வன்’, ‘ஆரல் பார்க்கும்’ என்பவை துணை. இது உள்ளுறையாக, அதாவது இயற்கைக் காட்சிக்குள் மறைந்திருக்கும் வேறு பொருளைத் தேடிப் படிக்கும் வழி. மறுக்க முடியாதது, ஆனால் ‘சிறுபசுங் கால’ என்ற மென்மையான வருணனை இதற்கு இடைஞ்சலாக நிற்கிறது.

என் கணிப்பில் முதல் விளக்கமே வலுவானது, இரண்டாவது அதன் நிழலாக உடன் வருகிறது. நீங்கள் மாற்றிச் சொல்லலாம். எந்தச் சொல் உங்கள் விளக்கத்துக்கு எதிராக நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எதிர்ச்சான்றை மறைத்த விளக்கம் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

10. இப்போது உரைநூலைத் திறக்கலாம்

உ. வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு 1937இல் உரையோடு வெளிவந்தது. அதைப் போன்ற உரை ஒன்றை இந்தக் கட்டத்தில் படித்தால், உங்கள் குறிப்போடு ஒப்பிட ஏதாவது இருக்கும். முதலிலேயே படித்திருந்தால் உரைகாரரின் கண்ணால் மட்டுமே பார்த்திருப்பீர்கள். திருமணத்தைத் தலைவன் காலம் தாழ்த்தும்போது தலைவி தோழியிடம் கூறியது என்ற குறிப்பு இப்போது கிடைக்கும். நான்காம் படியில் அடைப்புக்குறிக்குள் போட்டவற்றில் எதை இக்குறிப்பு உறுதிப்படுத்துகிறது என்று பாருங்கள். களவு (திருமணத்துக்கு முந்தைய மறைவான காதல்), கற்பு (திருமணத்துக்குப் பிந்தைய வாழ்க்கை) என்ற தொல்காப்பியப் பிரிவு தெரிந்தவர்களுக்குக் ‘கள்வன்’ என்ற சொல் இன்னும் ஆழமாக ஒலிக்கும்.

11. புதுக்கவிதையில் இதே வரிசை

யாப்பைப் பற்றிய படி மட்டும் வரி முறிவைப் பற்றியதாக மாறும், மற்றவை அப்படியே. பயிற்சிக்காக நான் எழுதிக் கொடுக்கும் வரிகள் இவை (பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளர்களை வேலைக்குக் கூட்டுவது):

பெரட்டுக்குத் தட்டிய தண்டவாளத் துண்டு
இப்போது கோயில் வாசலில் தொங்குகிறது.
அடிக்கும் போதெல்லாம்
அம்மா கத்தியைத் தேடுகிறாள்.

கோலாலம்பூரில் வளர்ந்த பிள்ளைகள் ‘கத்தி வன்முறையின் குறியீடு’ என்று உடனே எழுதுகிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் பால் வெட்டும் கத்தி என்கிறார்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் ஓசை தெரிந்தால்தான், கோயில் மணியைக் கேட்டும் தாயின் கை ஏன் வேலைக்கு நீள்கிறது என்பது புரியும். மூன்றாம், ஏழாம் படிகளைத் தாண்டியவர்கள் இங்கே பிடிபட்டுவிடுகிறார்கள்.

‘தேடுகிறாள்’ என்பதையும் விடாதீர்கள். எடுக்கிறாள் என்று இல்லை. கத்தி இப்போது அங்கே இருக்கிறதா என்பதைக் கவிதை சொல்லவில்லை.

12. மதிப்பிட்டு எழுதுதல்

‘சிறந்த பாடல்’, ‘அருமையான உவமை’ என்பவை மதிப்பீடு ஆகா. ஒரு சொல்லையோ வரியையோ நீக்கிப் பாருங்கள். எது போகிறது என்று சொல்ல முடிந்தால் அதுவே மதிப்பீட்டின் தொடக்கம். குறுந்தொகைப் பாடலின் மூன்றாம் வரியை எடுத்துவிட்டாலும் செய்தி குறையாது. ஒரு பறவை இருந்தது என்பது தெரிந்துவிடும். ஆனால் தலைவனின் உயரம், மாலை, வேல், ஊர் எதைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லாத இந்தப் பாடலில், பறவையின் காலுக்கு மட்டும் ஒரு முழு வரி கிடைத்திருக்கிறது. அந்தப் பொழுதில் அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பறவையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அந்த வரியை நீக்கினால் அவள் நாணமும், அந்த நாளை அவள் எவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைத்திருக்கிறாள் என்பதும் சேர்ந்து போய்விடும்.

விடை எழுதும்போது ஒவ்வொரு பத்தியிலும் முதலில் உங்கள் கூற்றும், அடுத்துப் பாடலின் சொல்லும், அதன்பின் அந்தச் சொல் கூற்றை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கமும் வர வேண்டும். மூன்றாவதை விட்டுவிடுவதால்தான் தேர்வில் நன்றாகப் படித்த மாணவர்களும் புள்ளிகளை இழக்கிறார்கள். மேற்கோள் தானே பேசிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள்.

எழுதி முடித்ததும் பாடலையும் விடையையும் அடுத்தடுத்து உரக்கப் படியுங்கள். வேறு எந்தப் பாடலுக்கும் பொருந்தக்கூடிய வாக்கியம் கண்ணில் பட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ‘கவிஞர் தலைவியின் துயரத்தை உருக்கமாக வெளிப்படுத்துகிறார்’ என்பது அப்படிப்பட்ட வாக்கியம். அதை இப்படி மாற்றலாம்: ‘தலைவி மூன்று முறை தான் என்று அவனைச் சுட்டி, ஒரே ஒரு முறை யான் என்று தன்னைச் சுட்டுகிறாள், அந்த ஒரு முறையும் விடையில்லாத கேள்விக்குள் வருவதால், அவளது கையறு நிலை அழுகைச் சொல் ஏதுமின்றியே வெளிப்படுகிறது.’